உப்பு 2.6, குளுக்கோஸ் 13.5: ஒரு பொட்டலத்தின் கணக்கு

மாசிமகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் கால் வைக்க இடம் இருக்காது. மயிலத்திலிருந்து முருகன், தீவனூரிலிருந்து விநாயகர், செஞ்சியிலிருந்து அரங்கநாதர் என்று சுற்றுவட்டாரத்து உற்சவர்கள் தீர்த்தவாரிக்கு வந்து வரிசைகட்டி நிற்பார்கள். தெருவுக்குத் தெரு மோர்ப் பந்தல், அன்னதானம். அப்படி ஒரு பந்தலில் ஆயிரம் பேருக்குப் பாயசம் ஊற்றப் போவதாக வைத்துக்கொள்வோம். பொறுப்பேற்ற இளைஞர் கறாரானவர். டம்ளருக்கு ஒரு முந்திரி, ஒரு திராட்சை. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒருவர் டம்ளரில் மூன்று முந்திரி விழுந்து, பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் விழாவிட்டால் சாமி காரியத்தில் வீண் மனஸ்தாபம்.

அவர் மளிகைக் கடைக்குப் போகிறார்.

"அண்ணே, ஆயிரம் முந்திரி, ஆயிரம் திராட்சை கட்டுங்க."

"ஆயிரமா? உக்காந்து எண்ணிக்கிட்டா இருக்க முடியும்? எத்தனை கிலோன்னு சொல்லு தம்பி."

மோல் கணக்கு முழுசும் இந்த இரண்டு வரிப் பேச்சுக்குள் அடங்கிவிடுகிறது. தேவை எண்ணிக்கையில் பிறக்கிறது. கடை எடையில் நடக்கிறது. நடுவே ஒரே ஒரு தகவல் வேண்டும்: ஒரு முந்திரி எத்தனை கிராம், ஒரு திராட்சை எத்தனை கிராம்.

நல்லவேளையாக, முந்திரி வியாபாரத்தில் அந்தத் தகவல் பெயரோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. பண்ருட்டிப் பக்கம் முழுப் பருப்பை 180, 210, 240, 320 என்று தரம் பிரிப்பார்கள். ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, அதிகபட்சம் எத்தனை பருப்பு நிற்கும் என்பதுதான் அந்த எண். எண் ஏற ஏறப் பருப்பு சிறுத்துக்கொண்டே போகும். 180 வாங்கினால் ஒவ்வொன்றும் இரண்டரை கிராம் தேறும். விலையும் அதற்கேற்ப எகிறும். பாயசத்துக்கு 320 போதும். 454-ஐ 320-ஆல் வகுத்தால் ஒரு பருப்பு 1.42 கிராம். ஆயிரத்துக்கு 1 கிலோ 420 கிராம். திராட்சை ஒன்று சுமார் அரை கிராம் என்றால் ஆயிரத்துக்கு அரைக் கிலோ. ஆயிரம் என்பதை மறந்துவிட்டு இனி கடையில் கிலோவிலேயே பேசலாம்.

"ரெண்டும் சமமா இருக்கட்டும்" என்று ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சுமார் 700 முந்திரியும் 2000 திராட்சையும் வந்து சேர்ந்திருக்கும். தராசில் சமம், பந்தலில் 300 பேருக்கு முந்திரி இல்லை.

இனி மருந்துக் கடைக்குப் போவோம். வயிற்றுப்போக்குக்கு வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி ஒரு லிட்டர் தண்ணீருக்கு: சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம், நீரற்ற குளுக்கோஸ் 13.5 கிராம். மொத்தம் 20.5 கிராம். பார்த்த மாத்திரத்தில், இது சர்க்கரைத் தண்ணீர், உப்பு பேருக்குத்தான் என்று தோன்றும். குளுக்கோஸ் உப்பைப் போல ஐந்து மடங்கு அல்லவா?

அதே கரைசலுக்கு இன்னொரு பட்டியலும் உண்டு. சோடியம் 75, குளோரைடு 65, குளுக்கோஸ் 75, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10. எல்லாம் மில்லிமோலில், அதாவது மோலில் ஆயிரத்தில் ஒரு பங்கில். கூட்டினால் 245. இந்தப் பட்டியலில் சோடியமும் குளுக்கோஸும் அச்சுப் பிசகாமல் சமம். பொடி ஒன்றுதான், பட்டியல்தான் இரண்டு. மேலே உள்ளது தொழிற்சாலைத் தராசுக்கு. கீழே உள்ளது குடலுக்கு. செய்முறை பிறந்தது கீழே உள்ளதில். கிராம் எல்லாம் அதிலிருந்து மாற்றி எழுதியது.

குடலுக்கு ஏன் எண்ணிக்கை? சிறுகுடலின் உள்சுவர்ச் செல்களில் ஒரு புரதம் வாசல்போல் அமைந்திருக்கிறது. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது திறக்கும்: ஒரு குளுக்கோஸ் உள்ளே போக இரண்டு சோடியம் கூட வர வேண்டும். பின்னாலேயே தண்ணீர் நுழையும். சோடியமும் குளுக்கோஸும் இப்படிக் கைகோத்துத்தான் நுழைகின்றன என்ற கருத்தை ராபர்ட் கிரேன் 1960-இல் பிராக் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் முன்வைத்தார். காலராவில் குடலின் மற்ற உறிஞ்சும் வழிகள் தடுமாறினாலும் இந்த வாசல் மட்டும் வேலை செய்துகொண்டே இருக்கும். வாசலில் நிற்கும் புரதத்துக்குக் கிராம் தெரியாது. வந்தது எத்தனை என்பதுதான் கணக்கு.

அதனால்தான் இந்தக் கரைசலுக்கான சர்வதேச விதிகள் எல்லாமே எண்ணிக்கையில் எழுதப்பட்டிருக்கின்றன. குளுக்கோஸ் எண்ணிக்கை சோடியத்துக்குக் குறையக் கூடாது, 111 மில்லிமோலைத் தாண்டவும் கூடாது. சோடியம் 60-க்கும் 90-க்கும் நடுவே. பொட்டாசியம் 15 முதல் 25. எல்லாத் துகளும் சேர்ந்து 200-க்கும் 310-க்கும் நடுவே. ஒரு விதியிலும் கிராம் கிடையாது.

ஆனால் ஒரு மில்லிமோல் சோடியத்தை எண்ணி எடுக்க எந்த மனிதராலும் முடியாது. ஒரு மோல் என்பது 6.02214076 × 10²³ துகள்கள். பள்ளிப் புத்தகங்கள் இந்த எண்ணிலிருந்து பாடத்தைத் தொடங்கிப் பிள்ளைகளைப் பயமுறுத்திவிடுகின்றன என்பது என் பழைய மனக்குறை. உண்மையில், மோலைக் கிராமாக்கும் கணக்கில் இந்த எண் ஒரு வரியிலும் எட்டிப் பார்ப்பதில்லை. முந்திரியைக் கிலோவாக மாற்றிய பிறகு கடைக்காரருக்கு ஆயிரம் என்ற எண் தேவைப்பட்டதா?

பிறகு எதற்கு அவ்வளவு பெரிய, ஒழுங்கற்ற ஓர் எண்? ஆயிரம் என்பது நம் பந்தலுக்கு வந்த தேவை. அதை விட்டுவிட்டு 2000-ஐ அளவுகோலாக எடுத்தால் ஒரு வசதி கிடைக்கும். 2000 திராட்சை சரியாக ஒரு கிலோ. 2000 முந்திரி 2.84 கிலோ. முந்திரி திராட்சையைப் போல எத்தனை மடங்கு கனம் என்று கேட்டாலும் அதே 2.84. கனத்தின் விகிதத்தை மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதும், அதன் பக்கத்தில் "கிலோ" என்று எழுதிவிட்டால் 2000 எண்ணிக்கைக்கான எடை கையில். வேதியியலார் செய்ததும் இதுவே. ஒற்றை அணுவை யாரும் தராசில் வைத்ததில்லை. ஆனால் எந்த அணு எதைப் போல எத்தனை மடங்கு கனம் என்ற விகிதத்தை 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். கார்பன் 12, ஹைட்ரஜன் 1, ஆக்சிஜன் 16, சோடியம் 23. அந்த விகித எண்ணின் பக்கத்தில் "கிராம்" என்று எழுதினால் எத்தனை அணுக்கள் இருக்குமோ, அந்த எண்ணிக்கைக்கு மோல் என்று பெயர் வைத்தார்கள். எண் கோணலாக இருப்பதற்குக் காரணம், கிராம் என்ற அளவு அணுவைக் கேட்டு வந்ததல்ல; தண்ணீரை வைத்துப் பிரெஞ்சுப் புரட்சி அரசு 1795-இல் சட்டம் போட்டு வகுத்தது.

அந்த எண்ணுக்கு அவகாட்ரோவின் பெயரைச் சூட்டியவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்: ஜான் பெரன், 1909-இல். பாரதியார் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்ததற்கு அடுத்த ஆண்டு. அவகாட்ரோ என்ற இத்தாலியர் 1811-இல் சொன்னது வாயுக்களைப் பற்றிய ஒரு கருத்து. தம் பெயரில் ஓர் எண் வரப்போகிறது என்று அவருக்குத் தெரியாது. மோல் சர்வதேச அளவு முறையின் அடிப்படை அலகுகளில் ஏழாவதாகச் சேர்ந்தது 1971-இல். 12 கிராம் கார்பன்-12-இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை என்று இருந்த வரையறையைக் கைவிட்டு, எண்ணையே நேரடியாக நிலைநிறுத்தியது 2019-இல்.

சரி, பொட்டலத்தைக் கட்டுவோம். குளுக்கோஸ்தான் எளிது. ஒரு மூலக்கூறில் கார்பன் 6, ஹைட்ரஜன் 12, ஆக்சிஜன் 6. கார்பன் ஆறுக்கு 72.07, ஹைட்ரஜன் பன்னிரண்டுக்கு 12.10, ஆக்சிஜன் ஆறுக்கு 95.99. கூட்டினால் 180.16. ஒரு மோல் குளுக்கோஸ் 180.16 கிராம், இதுதான் அதன் மோலார் நிறை. நமக்கு வேண்டியது 75 மில்லிமோல், அதாவது 0.075 மோல். பெருக்கினால் 13.51. பொட்டலத்தின் பின்பக்கத்து 13.5 வந்துவிட்டது.

மோலை மில்லிமோலாகவே வைத்துக்கொண்டு பெருக்கினால் 13,512 என்று வரும். தப்பில்லை, அது மில்லிகிராம். ஆனால் தேர்வுத்தாளில் பக்கத்திலேயே கிராம் என்று எழுதிவிட்டு வருபவர்கள் அதிகம். ஒரு லிட்டர் பானத்துக்குப் பதிமூன்றரை கிலோ குளுக்கோஸ் என்று விடை வந்தால் மனசு உறுத்த வேண்டாமா? பெருக்குவதா வகுப்பதா என்ற பழைய குழப்பமும் அப்படித்தான் தீரும். மோலார் நிறை என்பது ஒரு மோலுக்கு இத்தனை கிராம். கையில் எத்தனை மோல் என்று தெரிந்தால் பெருக்கல். எத்தனை கிராம் என்று தெரிந்தால் வகுத்தல். சூத்திரத்தை முக்கோணம் போட்டு மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

உப்பில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சோடியமும் குளோரினும் ஒன்றுக்கு ஒன்று சேர்ந்த ஜோடி அது. ஒரு முந்திரி 1.42 கிராம், ஒரு திராட்சை அரை கிராம் என்றால் ஜோடி 1.92 கிராம், அதுபோல சோடியத்தின் 22.99-ஐயும் குளோரினின் 35.45-ஐயும் கூட்டினால் 58.44. இதை 0.075-ஆல் பெருக்கினால் 4.38 கிராம். ஆனால் பொட்டலத்தில் 2.6 தான் இருக்கிறது. மீதிச் சோடியம் எங்கே போயிற்று?

சிட்ரேட்டில் இருக்கிறது. பொட்டலத்தில் சேர்ப்பது ஒரு சிட்ரேட்டுக்கு மூன்று சோடியம் ஒட்டிய உப்பு. இரண்டு தண்ணீர் மூலக்கூறுகளும் அதன் படிகத்துக்குள் குடியிருக்கும். எல்லாம் சேர்த்து மோலார் நிறை 294.10. சிட்ரேட் வேண்டியது 10 மில்லிமோல், 0.010-ஆல் பெருக்கினால் 2.94, பொட்டலத்தில் 2.9. அதோடு 30 மில்லிமோல் சோடியம் தானாகவே வந்துவிடுகிறது. மீதி 45-ஐத்தான் சாதா உப்பு தர வேண்டும். 58.44-ஐ 0.045-ஆல் பெருக்கினால் 2.63. பொட்டாசியம் குளோரைடுக்கு 74.55 பெருக்கல் 0.020, சுமார் ஒன்றரை கிராம். குளோரைடு உப்பிலிருந்து 45, இதிலிருந்து 20, ஆக 65. எல்லாம் தண்ணீரில் கரைந்த பிறகு எந்தச் சோடியம் எதிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

படிகத்துக்குள் குடியிருக்கும் தண்ணீரைத் தனியாகச் சொல்ல வேண்டும். மோல் கணக்கில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இதுதான். பருப்பாக வாங்காமல் முழு முந்திரிக்கொட்டையாக வாங்கினால் ஒவ்வொன்றும் ஐந்தாறு கிராம் இருக்கும். ஓடு தராசில் ஏறும், டம்ளருக்குள் வராது. ஆயிரம் பருப்பு வேண்டுமென்றால் ஆயிரம் கொட்டை. எண்ணிக்கை மாறவில்லை, எடை மட்டும் எங்கேயோ போய்விட்டது. குளுக்கோஸிலும் இரண்டு வகை உண்டு. நீரற்றது 180.16. ஒரு தண்ணீர் மூலக்கூறோடு படிகமானது 198.17. அதே 75 மில்லிமோலுக்கு இரண்டாவது வகையில் 14.9 கிராம் போட வேண்டும். அதனால்தான் பொட்டலத்தில் "நீரற்ற" என்ற சொல்லை விடாமல் அச்சடிக்கிறார்கள்.

இந்த வேறுபாடு ஒரு சரித்திர நிகழ்ச்சியிலும் ஒளிந்திருக்கிறது. 1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகளிடையே காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் பொங்காவ் மருத்துவமனையில் நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கே பொறுப்பில் இருந்த டாக்டர் திலீப் மஹலானாபிஸ், வாயால் குடிக்கும் கரைசலை டிரம் டிரம்மாகக் கலந்து, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்தார். பொடியைக் கல்கத்தாவில், ஓர் ஆராய்ச்சி மையத்தின் நூலக அறையில் எடைபோட்டு, பிளாஸ்டிக் பைகளில் அடைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டி அனுப்பினார்கள். லிட்டருக்குக் குளுக்கோஸ் 22 கிராம், சமையல் உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம். பொட்டாசியத்தை விட்டுவிட்டார்கள். முகாமில் 30 சதவீதமாக இருந்த மரணம், இந்தக் கரைசலைக் குடித்தவர்களிடையே 3.6 சதவீதமாகக் குறைந்தது.

அவருடைய கிராமை நாம் இப்போது மோலாக்கலாம்; வகுத்தல்தான். உப்பு 3.5-ஐ 58.44-ஆல் வகுத்தால் 60 மில்லிமோல். சோடா 2.5-ஐ 84.01-ஆல் வகுத்தால் 30. ஆகச் சோடியம் 90. குளுக்கோஸ் 22-ஐ 180-ஆல் வகுத்தால் 122 வருகிறது. அது கணக்கில் உட்காராது. 198.17-ஆல் வகுத்தால் 111. தண்ணீரோடு கூடிய குளுக்கோஸ் அது. பிறகு உலக சுகாதார நிறுவனம் நீரற்ற குளுக்கோஸை வைத்து 20 கிராம் என்று எழுதியபோதும் எண்ணிக்கை அதே 111. மேலே விதியில் பார்த்த உச்சவரம்பு அது.

சமையல் சோடா இருந்த இடத்துக்கு சிட்ரேட் வந்தது 1984-இல். வெக்கையும் ஈரக்காற்றும் உள்ள ஊர்களில் சோடா கலந்த பொட்டலம் நாளாவட்டத்தில் பழுத்து நிறம் மாறியது. கடலோரத்தில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து வைத்தால் என்ன ஆகிறது என்று குப்பத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாற்றம் செய்தவர்கள் 2.5 கிராமுக்குப் பதில் 2.5 கிராம் என்று வைக்கவில்லை. உடலுக்குள் ஒரு சிட்ரேட் மூன்று பைகார்பனேட்டின் வேலையைச் செய்யும். எனவே 30 மில்லிமோல் சோடா போன இடத்தில் 10 மில்லிமோல் சிட்ரேட். அதன் எடை 2.9 கிராம். 2.5-க்கும் 2.9-க்கும் எந்தச் சம்பந்தமும் தெரியவில்லை அல்லவா? கிராமை மட்டும் பார்த்தால் தெரியாது.

அடுத்த திருத்தம் 2002-இல். பழைய கரைசலில் துகள்களின் மொத்த எண்ணிக்கை 311. நம் இரத்தத்தில் சுமார் 290. கரைந்த துகள் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் போகும். துகள் பெரிதா சிறிதா, கனமா லேசா என்பது பொருட்டே இல்லை. குடலில் 311-உம் இரத்தத்தில் 290-உம் இருந்தால் தண்ணீர் உள்ளே வரச் சற்றுத் தயங்கும். உப்பை 3.5-இலிருந்து 2.6-ஆகவும் குளுக்கோஸை 20-இலிருந்து 13.5-ஆகவும் குறைத்து 245-க்குக் கொண்டுவந்தார்கள். இந்தியா இந்தச் செய்முறைக்கு மாறியது 2004-இல்.

இதே எண்ணிக்கைக் கணக்குதான் வைத்திக்குப்பத்துக்கு எதிரே கிடக்கும் கடலைக் குடிக்க முடியாததாக்குகிறது. லிட்டருக்குச் சுமார் 34 கிராம் உப்பு. முழுவதும் சோடியம் குளோரைடு என்று தோராயமாக வைத்துக்கொண்டால், 58.44-ஆல் வகுக்க 580 மில்லிமோல் ஜோடி. தண்ணீரில் ஜோடி பிரிந்துவிடும். எனவே துகள் இரண்டு மடங்கு, 1160. கடலில் மக்னீசியமும் சல்பேட்டும் உண்டு என்பதால் சரியான எண் கொஞ்சம் குறையும், ஆனாலும் ஆயிரத்தைத் தாண்டும். இரத்தத்தைப் போல மூன்றரை மடங்கு. கட்டுமரத்தில் தண்ணீர் தீர்ந்தவர் கடலை அள்ளிக் குடித்தால் தாகம் ஏறுவது இதனால். மருத்துவமனையில் ஏற்றும் சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. வகுத்தால் 154, ஜோடி பிரிந்தால் 308. இரத்தத்துக்கு ஒட்டிய எண் என்பதால் நரம்பில் ஏற்ற முடிகிறது.

காலரா பழங்கதை அல்ல. காரைக்காலும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்ததுதான். 2022 ஜூலையில் அங்கே காலரா கண்டறியப்பட்டு, பொது சுகாதார அவசர நிலை அறிவிக்கப்பட்டது. மஹலானாபிஸ் அப்போது உயிரோடு இருந்தார். அதே ஆண்டு அக்டோபரில் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

பொட்டலம் கைக்கெட்டாத நேரத்தில் வீட்டிலேயே கலக்கச் சொல்வார்கள்: ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் தூள் உப்பு. ஆறு ஸ்பூன் சர்க்கரை 25 கிராமுக்குக் குறையாது. பொட்டலத்தில் 13.5 கிராம் குளுக்கோஸ்தானே, வீட்டில் மட்டும் எதற்கு இரண்டு மடங்கு? சமையல் சர்க்கரை சுக்ரோஸ். அதன் மோலார் நிறை 342.30, குடலில் அது ஒரு குளுக்கோஸாகவும் ஒரு ஃபிரக்டோஸாகவும் உடையும். 75 மில்லிமோல் குளுக்கோஸ் கிடைக்க 75 மில்லிமோல் சுக்ரோஸ் வேண்டும்; 342.30 பெருக்கல் 0.075, 25.7 கிராம். பாட்டி காலத்து ஸ்பூன் அளவு மாதிரித் தோன்றினாலும் உள்ளே இந்தப் பெருக்கல் இருக்கிறது. ஆனால் ஸ்பூன் எண்ணிக்கையும் அளக்காது, எடையும் அளக்காது. அது அளப்பது இடத்தை. கல் உப்பைப் போட்டால் கற்களுக்கு நடுவே காற்று நிற்கும், குவித்துப் போட்டால் அளவு தாண்டிவிடும். உப்பு கூடிவிட்டால் குழந்தைக்கு ஆபத்து. பொட்டலம் கிடைக்கும்போது பொட்டலமே நல்லது. குழந்தை சோர்ந்து விழுந்தாலோ குடிக்க மறுத்தாலோ ஸ்பூனும் பொட்டலமும் போதாது, உடனே மருத்துவமனைக்குத் தூக்க வேண்டும்.

கடையில் அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்களையும் இந்தக் கணக்கில் நிறுத்திப் பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் செய்முறைப்படி இல்லாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. சாதாரணக் கோலாவில் லிட்டருக்குச் சுமார் 100 கிராம் சர்க்கரை. 342.30-ஆல் வகுத்தால் 292 மில்லிமோல். சர்க்கரை மட்டுமே இரத்தத்தின் மொத்த எண்ணிக்கையை எட்டிவிட்டது. குடலில் உடைந்தால் 584. வயிற்றுப்போக்கில் இதைக் குடித்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லத் தேவையில்லை. சோடியமோ பேருக்குத்தான்.

இந்தக் கணக்கு கடைசியில் ஒரு பொருளிடம் தோற்றுப்போகிறது. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி. மாவுச்சத்து என்பது ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் அலகுகள் கோத்த சங்கிலி. ஒரு சங்கிலி நீளம், அடுத்தது குட்டை. எனவே ஒரு மோல் மாவுச்சத்து இத்தனை கிராம் என்று எந்தப் புத்தகத்திலும் ஒற்றை எண் கிடையாது. சங்கிலியின் ஓர் அலகை மட்டும் எடுத்தால் 162. குளுக்கோஸின் 180-இலிருந்து, கோக்கும்போது கழன்றுபோகும் ஒரு தண்ணீரின் 18-ஐக் கழித்தது. 50 கிராம் அரிசி மாவில் சுமார் 40 கிராம் மாவுச்சத்து இருந்தால், 162-ஆல் வகுக்க, முழுசும் செரித்த பிறகு 247 மில்லிமோல் குளுக்கோஸ் வரும். பொட்டலத்தில் உள்ளதைப் போல மூன்று மடங்குக்கு மேல். ஆனால் டம்ளரில் இருக்கும்போது சங்கிலி ஒன்றுக்கு ஒரு துகள்தான். 40 கிராம் எடை, எண்ணிக்கையோ ஏறக்குறைய இல்லாத மாதிரி. குடல் நொதிகள் நறுக்க நறுக்கக் குளுக்கோஸ் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவந்து, சோடியத்தோடு உடனே வாசலுக்குள் போய்விடும். 111 என்ற வரம்பை எந்த நேரத்திலும் தொடுவதில்லை. வங்கதேசத்தில் காலரா நோயாளிகளுக்கு அரிசி மாவுக் கரைசலைக் கொடுத்துப் பார்த்தபோது, அன்றைய 311 கரைசலைக் குடித்தவர்களைவிட அவர்களுக்கு மலத்தோடு போன நீர் குறைவாக இருந்தது.